தமிழில் தேடல் கோளாறு: “எங்களுக்கு வரவில்லை” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எப்படி எழுதினால் எடுப்பார்கள்?

வரப்புயர (கேள்வி)

குறிப்பு எழுதும் திறந்த மூலச் செயலி ஒன்று. ஒவ்வொரு குறிப்பும் தனிக் கோப்பு, தலைப்புதான் கோப்பின் பெயர். பழைய மேக்கிலிருந்து சுமார் 600 குறிப்புகளை விண்டோஸுக்கு மாற்றிய பிறகு மூன்று தொல்லைகள்:

தலைப்புத் தேடலில் ‘கொள்முதல்’, ‘தோட்டம்’ என்று அடித்தால் ஒன்றும் வருவதில்லை. பட்டியலில் கண்ணெதிரே இருக்கின்றன. ‘வாடகை’, ‘மின்கட்டணம்’ ஒழுங்காக வருகின்றன.

உள்ளடக்கத் தேடலில் ‘பாடு’ என்று தேடினால் ‘பீடி’, ‘போடு’ எல்லாம் வந்து நிற்கின்றன.

அகர வரிசையில் அடுக்கினால் ‘அனுப்பு’ முதலில், பிறகு ‘அப்பம்’, பிறகு ‘அறம்’.

கிட்ஹப்பில் (செயலியின் மூலநிரல் இருக்கும் தளம்) எழுதிய டிக்கெட், அதாவது கோளாறு முறையீடு, இது: “தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை. வரிசையும் தப்பு. கோடிக்கணக்கான பேர் பேசும் மொழி, உடனே சரிசெய்யவும்.” கூடவே இரண்டு ஸ்கிரீன்ஷாட். நான்கே நாளில் “முயன்று பார்த்தோம், எங்களுக்கு வரவில்லை” என்று மூடிவிட்டார்கள். மறுபடி எழுதுவதா, விட்டுவிடுவதா?

சுழியம்

விடாதீர்கள். மூன்றும் வேறு வேறு கோளாறுகள், ஒரே டிக்கெட்டில் போட்டதுதான் முதல் சிக்கல். தலைப்புத் தேடலை முதலில் பார்ப்போம்.

கிடைக்காத சொற்களைப் பாருங்கள்: கொள்முதல், தோட்டம். இரண்டிலும் ஒகர, ஓகாரக் குறி. கிடைப்பவற்றில் அது இல்லை. மேக்கிலிருந்து வந்த கோப்புகள் என்றும் சொல்கிறீர்கள். துப்பு அங்கேயே இருக்கிறது.

யுனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் உலகத் தரம்) ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். க (2965) + ொ (3018) என்று இரண்டு குறியீடாக. அல்லது க (2965) + ெ (3014) + ா (3006) என்று மூன்றாக. திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம், ஆனால் எண்ணுக்கு எண் ஒப்பிடும் செயலிக்கு வேறு வேறு. 2017-இல் ஏபிஎஃப்எஸ் வருவதற்கு முன் மேக்குகளில் இருந்த கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களை எல்லாம் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸுக்கு வந்தபின்னும் பெயர் அப்படியே பிரிந்து கிடக்கும். நீங்கள் கீபோர்டில் அடிப்பதோ சேர்ந்த வடிவம்.

உறுதி செய்ய கால்க் அல்லது எக்செல் விரிதாள் போதும்:

1. செயலியின் பட்டியலிலிருந்து தலைப்பை நகலெடுத்து ஏ1 கட்டத்தில் ஒட்டுங்கள்.
2. அதே சொல்லை ஏ2-இல் கையால் அடியுங்கள்.
3. இரண்டுக்கும் ‘லென்’ ஃபங்ஷன் (எத்தனை குறியீடு என்று எண்ணுவது) போடுங்கள். ‘கொள்முதல்’ சேர்ந்த வடிவில் 9, பிரிந்த வடிவில் 10. ‘தோட்டம்’ 7, 8.
4. வேறுபட்டால் ‘மிட்’ கொண்டு ஒவ்வொரு குறியீடாக எடுத்து ‘யுனிகோட்’ ஃபங்ஷனில் கொடுங்கள். தசம எண் வரும். டிக்கெட்டில் எழுதும்போது ‘டெக்2ஹெக்ஸ்’ போட்டுப் பதினாறடிமானமாக மாற்றிவிடுங்கள், நிரலர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

இன்னொரு சோதனை: பட்டியலிலிருந்து நகலெடுத்த தலைப்பையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். வந்தால் கதை முடிந்தது.

வரப்புயர

10-ம் 9-ம். தோட்டம் 8-ம் 7-ம். ஒட்டித் தேடினால் வருகிறது, அடித்தால் வரவில்லை.

அப்படியென்றால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, அப்படித்தானே?

ஒற்றெழுத்து

அதேதான். இரண்டு வடிவமும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் டிக்கெட்டிலிருந்து சொல்லை நகலெடுத்துப் புதுக் குறிப்புக்குத் தலைப்பாக வைத்திருப்பார், அதையே தேடியிருப்பார், கிடைத்திருக்கும். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே வரவில்லை.

ஆகவே டிக்கெட்டில் இருக்க வேண்டியது, தமிழே தெரியாதவர் தன் மேசையில் இந்தக் கோளாறை வரவழைக்கும் வழி. இப்படி எழுதுங்கள் (எளிய ஆங்கிலத்தில், இயந்திர மொழிபெயர்ப்பானாலும் பரவாயில்லை, தமிழ்ச் சொற்களை மட்டும் அது தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்):

*தலைப்பு:* பிரிந்த யுனிகோட் வடிவில் உள்ள கோப்புப் பெயர்கள் தலைப்புத் தேடலில் சிக்கவில்லை

*செய்முறை:*
1. இணைத்துள்ள ஜிப்பை வெற்றுக் கோப்புறையில் விரித்து, செயலியில் திறக்கவும். இரண்டு குறிப்புகள் இருக்கும்.
2. தலைப்புத் தேடல் பெட்டியில் இந்தச் சொல்லை ஒட்டவும்: (சேர்ந்த வடிவம், அடியில் அதன் எண்கள்)

*எதிர்பார்த்தது:* இரண்டு குறிப்பும். *நடந்தது:* ஒன்று மட்டும்.

*சூழல்:* செயலியின் முழுப் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, நீட்சிகள் அனைத்தையும் அணைத்தும் வருகிறதா என்பது.

‘லேட்டஸ்ட்’ என்று பதிப்பு எழுதாதீர்கள். அவர் படிக்கும் நாளில் அது வேறொன்றாக இருக்கும்.

இனி முக்கியமானது. இதைத் தமிழ்க் கோளாறு என்று மட்டும் எழுதினால் ‘பிறகு பார்க்கலாம்’ அடுக்குக்குப் போய்விடும். ‘கஃபே’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்துக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு: தலையில் கோடு போட்ட ஒரே எழுத்து (233), அல்லது வெறும் எழுத்து (101) + தனிக் கோடு (769). கால்க்கில் ‘யுனிசார்’ ஃபங்ஷன் கொண்டு 101-ஐயும் 769-ஐயும் சேர்த்து அந்தச் சொல்லை உண்டாக்கி, அதையே ஒரு குறிப்புக்குப் பெயராக வைத்துத் தேடுங்கள். அதுவும் சிக்காவிட்டால் செய்முறையில் அதை முதலில் போடுங்கள், தமிழை அடுத்து. பிரெஞ்சு, வியட்நாம், கொரிய மொழிக்காரர்கள் எல்லாரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். மேக் இல்லாத நிரலரும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம்.

கோடிக்கணக்கான பேர் என்ற வரியை எடுத்துவிடுங்கள். உண்மைதான், ஆனால் அதை வைத்து எவராலும் கோளாறைத் தேட முடியாது.

கல்வெட்டான்

போடும் முன் பழைய டிக்கெட்டுகளைத் தேடுங்கள், மூடியவற்றையும் சேர்த்து. கிட்ஹப் தேடலில் ‘திறந்தவை’ என்ற வடிகட்டி தானாகவே போட்டிருக்கும், அதை நீக்கினால்தான் மூடியவை வரும். ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ‘யுனிகோட் நார்மலைசேஷன்’ (இரு வடிவையும் ஒன்றாக்குவது), ‘என்எஃப்டி’ (பிரிந்த வடிவின் பெயர்), ‘கொரியன்’ என்று தேடுங்கள். கொரிய எழுத்துகளும் இதே எச்எஃப்எஸ் வழக்கத்தால் துண்டு துண்டாகப் பிரிபவை, அவர்கள் முன்பே முறையிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படி ஒன்று திறந்திருந்தால் உங்கள் ஜிப்பையும் எண்களையும் அங்கே ஒரு மறுமொழியாகப் போடுங்கள். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் கட்டைவிரலை மட்டும் அழுத்துங்கள். ‘எனக்கும்’ என்று எழுதினால் அந்த இழையில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும். 2016-இல் அந்தக் கட்டைவிரல் பொத்தானைக் கொண்டுவந்ததே அந்த இரைச்சலைக் குறைக்கத்தான். வாக்கை எண்ணி முடிவெடுக்கும் திட்டங்களும் உண்டு: மைக்ரோசாஃப்ட்டின் நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் புது வசதிக் கோரிக்கை 60 நாளில் 20 வாக்கு பெற்றால்தான் பட்டியலில் ஏறும்.

மூடிய உங்கள் டிக்கெட்டில் சண்டை வேண்டாம். புதியதன் இணைப்பை மட்டும் அங்கே விட்டுவிட்டு வாருங்கள்.

ஜிப்பில் சொந்தக் குறிப்பு எதையும் வைக்காதீர்கள். லாக் கோப்பு (செயலி தான் செய்ததைப் பதிந்துவைப்பது) கேட்டால் அனுப்பும் முன் திறந்து பாருங்கள்; கோப்புறைப் பாதையில் உங்கள் பெயர் இருக்கும், ஒத்திசைவுச் சேவையின் டோக்கனும் (கடவுச்சொல் போன்ற சாவி) சில சமயம் இருக்கும்.

சுழியம்

இரண்டாவது தொல்லை, ‘பாடு’ தேடினால் ‘பீடி’ வருவது. மூலநிரலில் ‘எஃப்டிஎஸ்5’, ‘யூனிகோட்61’ என்று தேடிப் பாருங்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் முழு உரைத் தேடல் அது. அதன் இயல்பு அமைப்பில் எழுத்தும் எண்ணும்தான் சொல்லின் பகுதி, தமிழின் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் சொல்லை வெட்டும் இடம். ஆக ‘பாடு’ என்பது அதற்கு ‘ப’, ‘ட’. ‘பீடி’யும் ‘ப’, ‘ட’. ‘போடு’வும் அதே. மூன்றும் ஒரே சொல்!

2018 முதல் இதற்கு ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ‘எம்என்’, ‘எம்சி’ என்ற இரண்டு யுனிகோட் குறி வகையையும் சேர்க்க வேண்டும். ஈகாரக் குறியும் புள்ளியும் ‘எம்என்’, ‘ா’ ‘ு’ போன்றவை ‘எம்சி’. ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதிதான் சரியாகும். நிரலில் ஒரு வரி மாற்றம். ஆனால் பழைய தேடல் அட்டவணையை அழித்து மறுபடி கட்ட வேண்டும், அதையும் டிக்கெட்டில் சொல்லுங்கள். இல்லையென்றால் வரியை மாற்றிவிட்டு “இன்னும் அப்படியேதான் இருக்கிறது” என்பார்கள்.

ஒரு வேடிக்கை. குறிகளைத் தூக்கி எறிவதால்தான் பிரிந்த ஒகரமும் இப்போது உள்ளடக்கத் தேடலில் சிக்குகிறது. இதைச் சரிசெய்த மறுநாள் முதல் கோளாறு அங்கேயும் தலைகாட்டும். எனவே இரண்டு டிக்கெட்டையும் ஒன்றுக்கொன்று இணைத்துவிடுங்கள்.

வரப்புயர

மூலநிரலில் ‘யூனிகோட்61’ இருக்கிறது, பக்கத்தில் எந்த அமைப்பும் இல்லை. தீர்வையும் நானே எழுதிவிடலாமா? ‘கோப்புப் பெயர்களை எல்லாம் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்’ என்று?

ஒற்றெழுத்து

தீர்வை எழுதலாம், ஆனால் தனித் தலைப்பில், ஊகம் என்று தெரியும்படி. அந்தத் தீர்வு மட்டும் வேண்டாம். செயலி தானாகப் பெயரை மாற்றினால் ஒத்திசைவுச் சேவைக்கு அது ஒரு கோப்பை அழித்து இன்னொன்றைப் படைத்ததாகப் படும். குறிப்புக்குள்ளிருந்து குறிப்புக்குப் போகும் இணைப்புகளும் அறுந்துபோகலாம். கேட்க வேண்டியது இவ்வளவே: ஒப்பிடும் வேளையில் தேடும் சொல்லையும் தலைப்பையும் ‘என்எஃப்சி’ (சேர்ந்த) வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள், வட்டில் உள்ளதைத் தொடாதீர்கள்.

அதுவரை காத்திருக்க முடியாதென்றால் லினக்ஸில் ‘கன்வ்எம்வி’ நிரலை ‘என்எஃப்சி’ விருப்பத்தோடு ஓட்டிப் பெயர்களை மாற்றலாம். ‘நோடெஸ்ட்’ கொடுக்காதவரை அது ஒத்திகை மட்டுமே பார்க்கும், பட்டியலைப் படித்துவிட்டு அப்புறம் கொடுங்கள். நகல் எடுத்துவைத்து, ஒத்திசைவை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

புள்ளிக்காரி

கூடவே ‘கௌ’வையும் சேர்க்கச் சொல்லுங்கள். ‘ஔவையார்’ தேடினால் ‘ஒளவையார்’ என்று எழுதியது வருவதில்லை.

சுழியம்

அது வேறு, சேர்க்கக் கூடாது. ‘ஔ’ (2964) என்பதும் ஒ (2962) + ௗ (3031) என்பதும் யுனிகோடில் சமம், ‘என்எஃப்சி’ போட்டால் சேர்ந்துவிடும். நீங்கள் சொல்வதில் இருப்பது 3031 அல்ல, ளகரம் (2995). பார்வைக்குத்தான் ஒன்று. அது எழுத்துப்பிழை, எந்த நார்மலைசேஷனும் தீர்க்காது. அதைக் கோளாறாக எழுதினால் “யுனிகோட் விதிப்படி சரி” என்று மூடுவார்கள், கூடவே நல்ல பகுதியும் மூடிப்போகும்.

புள்ளிக்காரி

ஆனால் ஊரே ளகரம் போட்டுத்தான் எழுதுகிறது. தேடுகிறவருக்கு விதியா முக்கியம்?

சுழியம்

நியாயம். அதனால்தான் அதைப் புது வசதிக் கோரிக்கையாக, ‘பிழை பொறுக்கும் தேடல்’ என்று தனியாகக் கேளுங்கள் என்கிறேன்.

ஒற்றெழுத்து

மூன்றாவது, வரிசை. இதுவும் வசதிக் கோரிக்கைதான். யுனிகோட் அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது, எண்ணை வைத்து அடுக்கினால் ‘அனுப்பு’ முந்திக்கொள்ளும். அகராதியில் ‘ன’ மெய்களின் கடைசி, ஆகவே அப்பம், அறம், அனுப்பு.

கோரிக்கையில் ‘தமிழ் வரிசைப் பொத்தான் வையுங்கள்’ என்று பொத்தானிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தேவை: 600 தலைப்பில் ஒன்றைக் கண்ணால் தேடும்போது அகராதி இடத்தில் இல்லை. அடுத்து இந்த மூன்று சொல், இப்போதைய வரிசை, வேண்டிய வரிசை. பிறகு செலவு: செயலி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியதென்றால் மொழிக்கேற்ப அடுக்கும் ‘இன்டல் கொலேட்டர்’ உள்ளேயே இருக்கிறது, மொழிக் குறி கொடுத்தால் போதும், ஸ்வீடிஷ்காரருக்கும் அதே வரியில் தீரும். மலிவான வேலை என்று தெரிந்தால் எடுக்க ஆள் வரும்.

வரப்புயர

மூன்றையும் தனித்தனியாகப் போட்டாயிற்று. பிரெஞ்சுச் சொல்லும் சிக்கவில்லை, அதையே முன்னால் வைத்தேன். தலைப்புத் தேடலுக்கு ‘கோளாறு, உறுதி’ என்று முத்திரை குத்தி, “திருத்தம் அனுப்பினால் சேர்க்கிறோம்” என்று பதில். நிரல் எழுதத் தெரியாது. இத்தோடு நின்றுவிடுமா?

கல்வெட்டான்

நிரல் வேண்டாம், சோதனைத் தரவு கொடுங்கள். திருத்தம் எழுதுகிறவர் அதைத்தான் தேடுவார், தமிழில் அவரால் உண்டாக்கவும் முடியாது. மூன்று பத்தி: தேடும் சொல், தலைப்பு, பொருந்த வேண்டுமா. எண்களோடு:

2965 3018 | 2965 3014 3006 | ஆம்
2980 3019 | 2980 3015 3006 | ஆம்
2965 3020 | 2965 3014 3031 | ஆம்
2964 | 2962 3031 | ஆம்
2965 3020 | 2965 3014 2995 | இல்லை
2986 3006 | 2986 2992 | இல்லை

கடைசி வரி ‘பா’வும் ‘பர’வும். சில எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும், அதை ‘சரிசெய்கிறேன்’ என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. எதிர்த்திசையும் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்: பிரிந்ததை அடித்துச் சேர்ந்ததைத் தேடினாலும் கிடைக்க வேண்டும்.

பல திட்டங்களில் சில மாதம் அசைவில்லாத டிக்கெட்டை ஒரு பாட் (தானியங்கி நிரல்) தானாக மூடும். அப்படி மூட வந்தால், அன்றைய புதுப் பதிப்பில் அதே ஜிப்பை விரித்துப் பார்த்துவிட்டு “இந்தப் பதிப்பு எண்ணிலும் இருக்கிறது” என்று ஒரு வரி போடுங்கள்.