ஷிட்சூ நாய்க்குச் சீப்பைக் கண்டாலே ஆகவில்லை. சடை விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பஞ்சுக்குட்டி (கேள்வி):
எங்கள் ஷிட்சூவுக்கு 11 மாதம். ஏழு மாதம் வரை சமர்த்தாகச் சீவவிட்டான். இப்போது பிரஷ்ஷை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். முதுகைச் சீவினால் பொறுத்துக்கொள்வான். காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் அக்குளிலும் கை பட்டால் உறுமிக் கவ்வ வருகிறான். தினமும் சீவுகிறோம், மேலே பளபளவென்று இருக்கிறது. உள்ளே விரலை விட்டால் கட்டி கட்டியாகச் சடை. முள் நுனியில் குண்டு வைத்த பிரஷ்தான் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை குளியல். நீள முடியோடு வளர்க்கத்தான் ஆசை. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சீவலாமா, இல்லை மொட்டைதான் வழியா?

சீப்பும் கத்திரியும்:
அமுக்கிப் பிடித்துச் சீவவே வேண்டாம். சப்பை மூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. கழுத்தையோ பிடரித் தோலையோ இறுக்கினால் விழியே வெளியே பிதுங்கிவிடும் ஆபத்து உண்டு. வாயைத் துணியால் கட்டவும் கூடாது. வாய் திறந்து இரைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

ஏழு மாதத்துக்குப் பிறகு மாறியதற்குக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட அந்த வயதில்தான் குட்டிமுடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். உதிரும் முடி தரையில் விழாமல் வளரும் முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில மாதம் சடை மிக வேகமாக விழும், பிறகு குறையும்.

உங்கள் பிரஷ் மேல்முடியை மட்டும் தடவிவிட்டுப் போகிறது. குண்டு நுனி நீள முடியில் மாட்டி இழுக்கவும் செய்யும். ஒரு பாதி அகலப் பல், மறுபாதி நெருக்கப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்றும், மெல்லிய கம்பி வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்றும் வாங்குங்கள். ஸ்லிக்கரை முதலில் உங்கள் முன்கையில் தேய்த்துப் பார்த்து, எரியாத அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் சிவந்து எரியும், மறுநாள் அவன் கிட்டவே வரமாட்டான்.

சீவும் முறை: ஒருக்களித்துப் படுக்கவைத்து வயிற்றோரத்தில் தொடங்குங்கள். இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். வகிட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய அடுக்கை மட்டும் சீவுங்கள். நுனியில் தொடங்கி மெல்ல வேருக்கு ஏறுங்கள். பிறகு அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. ஒவ்வொரு அடுக்கிலும் சீப்பின் அகலப் பல், பிறகு நெருக்கப் பல், தோலை ஒட்டி வைத்தால் நுனிவரை தடையில்லாமல் போக வேண்டும். அதுவரை அந்த அடுக்கு முடியவில்லை. காய்ந்த முடியைச் சீவினால் அறுபடும். நாய்க்கான கண்டிஷனர் 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு கலந்து, லேசாகத் தெளித்துக்கொள்ளுங்கள்.

ட்ரிம்மர் மேசை:
வகிடு எடுத்துச் சீவுவது இனிமேல் சடை விழாமல் இருக்க. இப்போது இருக்கும் சடையைச் சீப்பால் பிரிக்கப் போனால் அவன் வலி என்றுதான் கற்றுக்கொள்வான். முதலில் அந்த வலி போகட்டும்.

சடை இருக்கும்போது குளிப்பாட்டாதீர்கள். நனைந்து காயும்போது அது இறுகும், உள்ளே ஷாம்பு தங்கித் தோல் அரிக்கும். சுண்டுவிரல் நகம் அளவுக் கட்டி என்றால், சடைக்கும் தோலுக்கும் நடுவில் விரலால் இறுக்கிப் பிடித்து (இழுப்பு தோலுக்குப் போகாது), ஒரு சிட்டிகை சோளமாவு தூவி, நுனியிலிருந்து கையாலேயே பிரித்துவிடலாம். அதைவிடப் பெரிது என்றால் ட்ரிம்மர்தான். கத்திரிக்கோல் வேண்டவே வேண்டாம். சடையைத் தூக்கினால் தோலும் கூடாரம்போல் எழும்பி வரும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. அக்குளில் அப்படி வெட்டுப்பட்டுத் தையல் போடும் நிலைக்கு வருவது சர்வ சாதாரணம்.

ட்ரிம்மரில் 10ஆம் எண் பிளேடு மாட்டினால் சுமார் 1.5 மி.மீ. முடி விடும். தோலை விரலால் நீட்டிப் பிடித்து, பிளேடைத் தோலோடு தட்டையாகப் படுக்கவைத்துச் சடைக்கு அடியில் ஓட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள்.

உங்கள் ஆசைக்கு ஒரு வழி உண்டு. அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு, காதுமடலின் அடிப்புறம் இந்த நான்கையும் நிரந்தரமாக ஒட்ட வெட்டிவையுங்கள். மேலே நீள முடி மூடிக்கொள்வதால் வெளியே தெரியாது, சடை அதிகம் விழும் இடங்கள் இல்லாமலே போய்விடும். கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உரசும் இடத்திலும் சடை விழும், வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள்.

முதுகு முழுக்கத் தோலோடு சடை அப்பியிருந்தால் மட்டும் முழுதாக எடுங்கள், ஷிட்சூவுக்குத் திரும்ப வளரும். (ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மொட்டையடிக்காதீர்கள். அவற்றுக்குச் சில சமயம் முடி சரியாகத் திரும்பி வராது.) காதில் கனத்த சடையை எடுத்த அன்று தலையை உதறிக்கொண்டே இருக்கும். உதறலில் காதுமடலுக்குள் ரத்தம் கட்டலாம். மடல் பந்துபோல் வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெல்லப் பழக்கு:
காதும் அக்குளும் மட்டும் பிரச்சினை என்பதால் முதலில் காதுக்குள் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, தோலில் சிவப்பு இருந்தால் அது பெரும்பாலும் தொற்று. எந்தப் பயிற்சியும் பலிக்காது, மருந்துதான் வேண்டும்.

உறுமினால் திட்டாதீங்க. உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமல் கடிப்பான். அதற்கு முன்னாலேயே உதட்டை நக்குவது, கொட்டாவி, உடம்பு விறைப்பது, கண் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் வரும். அங்கேயே நிறுத்திடுங்க.

இடத்தை மாற்றுங்க: வழுக்காத ரப்பர் விரிப்பு போட்ட தாழ்வான மேசை. வேகவைத்த உப்பில்லாத கோழியைப் பட்டாணி அளவில் நறுக்கி வைத்துக்கொள்ளுங்க. சீப்பு தெரிந்த *பிறகு* கோழி வரவேண்டும். பலரும் தீனியைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டுச் சீப்பை எடுக்கிறாங்க, அப்புறம் தீனியைப் பார்த்தாலே ஓடுகிறது. சீப்பைக் காட்டு, கோழி. சீப்பின் முதுகால் தோளைத் தொடு, கோழி. ஒரு இழுப்பு, கோழி. பிடிக்காத இடத்துக்குக் கடைசியில் போங்க. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும், அவன் விலகுவதற்கு முன் முடித்துவிடணும். மடித்த துண்டின் மேல் தாடையை வைக்கப் பழக்குங்க. தாடையை எடுத்தால் சீப்பும் நிற்கும் என்று அவனுக்குப் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கடலை வெண்ணெய் கொடுத்தால் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) சேர்க்காததா என்று லேபிளைப் பாருங்க, நாய்க்கு அது விஷம்.

பஞ்சுக்குட்டி:
காதில் வாடை இருக்கிறது, நாளைக்கே காட்டுகிறோம். தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு விடும் என்கிறார்களே? மழைக்காலத்தில் முடி காயவே மாட்டேன் என்கிறது.

சீப்பும் கத்திரியும்:
எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடித்துத் திரிதிரியாக ஒட்டும், அவனும் நக்கிக்கொண்டே இருப்பான்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்ப்பதே சடையாகிவிடும். டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து, சத்தத்துக்கும் கோழி கொடுத்துப் பழக்கி, காற்று படும் இடத்தில் அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே காயவையுங்கள். மேலே காய்ந்து வேர் ஈரமாக நின்றால் நாற்றமும் புண்ணும் வரும். வேரில் விரல் வைத்துக் குளிர்ச்சி தெரியாதவரை நிறுத்தாதீர்கள். பாத அடியில் திண்டுகளுக்கு நடுவே உள்ள முடியை மட்டமாக வெட்டிவிட்டால் மழையில் சேறு அப்பாது. உண்ணி ஒளிவதும் விரலிடுக்கிலும் காதோரத்திலும்தான். நெருக்கப் பல் சீப்பை அங்கே ஓட்டும்போது கூடவே பார்த்துவிடுங்கள்.