நேபாள முடியாட்சியை வீழ்த்தியது மன்னரின் பிழையா, மக்களின் முடிவா?

குறிஞ்சிவாணன்:
நேபாளத்தில் ஷா வம்சத்தின் 240 ஆண்டுக்கால ஆட்சி முடிந்ததற்கு கடைசி மன்னர் ஞானேந்திரா என்ற தனி மனிதரின் பிடிவாதமே முதன்மைக் காரணம் என்பது என் நிலைப்பாடு. 1990 மக்கள் இயக்கத்துக்குப் பின் அன்றைய மன்னர் பிரேந்திரா பல கட்சி ஆட்சியை ஏற்றுக்கொண்டார். அடுத்த பத்தாண்டுகளில் மக்களின் கோபமெல்லாம் அடிக்கடி மாறிய கட்சி அரசுகளின் மீது இருந்ததே தவிர, அரண்மனையின் மீது இருக்கவில்லை. 2001 ஜூன் 1 அன்று நாராயணஹிட்டி அரண்மனைக்குள் பிரேந்திராவும் குடும்பத்தினரும் சுட்டுக் கொல்லப்பட்டிராவிட்டால், தம்பி ஞானேந்திரா அரியணை ஏறியிருக்கவும் மாட்டார். 2005 பிப்ரவரி 1 அன்று பிரதமரை நீக்கி, தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்து, செய்தித்தாள் அலுவலகங்களில் இராணுவத்தினரை உட்காரவைத்து, முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்திருக்கவும் மாட்டார். 2006 ஏப்ரலில் வீதிக்கு வந்தவர்கள் கேட்டது ஜனநாயகத்தைத்தான். குடியரசு என்பது அதன் பிறகு கட்சித் தலைவர்கள் எடுத்த முடிவு. மக்கள் வாக்களிப்பதற்கு முன்பே, 2007 டிசம்பரில் இடைக்கால அரசியலமைப்பைத் திருத்தி அவர்கள் அதை அறிவித்துவிட்டார்கள்.

தேன்மொழி:
நண்பரே, தனி மனிதரின் குணத்தை மட்டும் பார்த்தால், அந்தக் குணம் செயல்படுவதற்கு வழி திறந்துவைத்த சட்டம் பார்வையிலிருந்து தப்பிவிடும். 1990 அரசியலமைப்பு இறையாண்மை மக்களுக்கே உரியது என்று சொன்னது உண்மை. ஆனால் அதன் 127ஆம் பிரிவு, அரசியலமைப்பை நடைமுறைப்படுத்துவதில் இடர்ப்பாடு எழுந்தால் அதை நீக்க மன்னர் ஆணையிடலாம் என்றும் சொன்னது. 2002 அக்டோபரில் பிரதமர் தேவுபாவை ஞானேந்திரா நீக்கியது அந்தப் பிரிவைக் காட்டித்தான். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில் அந்த ஆணையைக் கேள்வி கேட்க அவையே இல்லை.

இராணுவத்தின் நிலையும் அதுதான். 2001 ஜூலையில் ரோல்பா மாவட்டத்தின் ஹோலேரியில் மாவோயிஸ்டுகள் காவலர்களைப் பிடித்துச் சென்றபோது, இராணுவத்தைக் கொண்டு தான் நினைத்ததைச் செய்ய முடியாமல் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா பதவி விலகினார். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரின் சொல்லுக்கு இராணுவம் கட்டுப்படாத நாட்டில், நல்ல மன்னர் வாய்த்தால் அமைதியும் கெட்ட மன்னர் வாய்த்தால் சர்வாதிகாரமும் கிடைக்கும். 1960 டிசம்பரில் அன்றைய மன்னர் மகேந்திரா, பிரதமர் பி. பி. கொய்ராலாவின் அரசைக் கலைத்து, கட்சிகளைத் தடைசெய்ததை நினைவில் வைத்துக்கொண்டால், 2005 ஒரு விபத்து அல்ல என்பது விளங்கும்.

ஆதவன்:
இருவரும் காத்மாண்டுவை விட்டு வெளியே வரவில்லை என்பது என் ஆதங்கம். 1996 பிப்ரவரியில் மேற்கு மலை மாவட்டங்களில் மாவோயிஸ்டுகள் அரசுக்கு எதிராகத் தொடங்கிய போரில் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 17,000 பேர் இறந்தார்கள். நிலமின்மை, சாதி ஒடுக்குமுறை, மகர் போன்ற இனத்தவருக்கு ஆட்சியில் இடமே இல்லாத நிலை ஆகியவை அங்கே ஆயுதத்துக்கு ஆள் சேர்த்தன. 2005 நவம்பரில் ஏழு கட்சிக் கூட்டணியும் மாவோயிஸ்டுகளும் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் நகரத்தின் கோபமும் கிராமத்தின் கோபமும் ஒரே திசையில் திரும்பின. அது இல்லாமல் போயிருந்தால் 2006உம் 1990ஐப் போல ஓர் அரண்மனைச் சமரசத்தில் முடிந்திருக்கும்.

குறிஞ்சிவாணன்:
ஆதவன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கிராமங்களுக்குக் குடியரசு என்ன கொடுத்தது? 2008க்குப் பிறகு எந்தப் பிரதமரும் முழுப் பதவிக்காலம் ஆளவில்லை. முதல் அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை எழுதாமலேயே 2012இல் கலைந்தது. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2025 மார்ச்சில் மன்னர் திரும்ப வேண்டும் என்று காத்மாண்டுவில் பெருங்கூட்டம் கூடியது. செப்டம்பரில் இளைஞர் எழுச்சியின்போது நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது. இந்த ஏமாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் புரட்சியை மதிப்பிடுவது நியாயமல்ல.

தேன்மொழி:
ஏமாற்றம் உண்மையானது. அதை மறைப்பது அந்த மக்களுக்கே செய்யும் துரோகம். ஆயினும் அந்த ஏமாற்றம் யார் மீது என்பதைப் பாருங்கள். செப்டம்பர் எழுச்சியின் இளைஞர்கள் ஊழலையும் தலைவர்களின் வாரிசுச் சொகுசையும் எதிர்த்தார்கள். பிரதமர் ஒலி பதவி விலகிய பின் இடைக்காலப் பிரதமராக வந்தவர் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி. முன்னாள் மன்னர் அல்லர்.

புரட்சியின் விளைவுகளில் நான் மிகவும் மதிப்பது பலரும் பேசாத ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தராய் சமவெளியில் வாழ்ந்தும் குடியுரிமைச் சான்று இல்லாமல், நிலத்தைத் தம் பெயரில் பதியவோ அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவோ முடியாமல் இருந்தவர்கள் ஏராளம். 2006இல் சட்டம் மாறி, 2007இல் அலுவலர் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று சுமார் 26 லட்சம் சான்றிதழ்களை வழங்கின. மறு ஆண்டு அதே சமவெளியைச் சேர்ந்த ராம்பரண் யாதவ் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

ஆதவன்:
அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான விசாரணை ஆணையம் 2015இல்தான் அமைந்தது, பத்தாண்டுகள் கடந்தும் குடும்பங்களுக்கு விடை கிடைக்கவில்லை. இராணுவமும் மாவோயிஸ்டுகளும் இருபுறமும் குற்றவாளிகளாக இருக்கும்போது, புதிய ஆட்சியில் பங்குபெற்ற இரு தரப்புக்குமே விசாரணையில் அக்கறை இல்லை. சமாதானத்துக்கு அந்தக் குடும்பங்கள்தாம் விலை கொடுத்தன.

குறிஞ்சிவாணன்:
மக்களைக் கேட்காமலேயே குடியரசு வந்தது என்ற என் மைய வாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. 1980இல், கட்சிகளே இல்லாத பஞ்சாயத்து ஆட்சிமுறை தொடர வேண்டுமா என்று மன்னராட்சியே பொது வாக்கெடுப்பு நடத்தியது. குடியரசு அதைச் செய்யத் துணியவில்லையே?

தேன்மொழி:
கட்சிகள் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில், அரண்மனை தானே நடத்திய அந்த வாக்கெடுப்பிலும் பல கட்சி முறைக்கு 45 விழுக்காடு வாக்குகள் விழுந்தன. அதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. 2006 ஏப்ரல் 21 அன்று, பிரதமரின் பெயரைக் கட்சிகளே சொல்லலாம் என்று மன்னர் இறங்கிவந்தார். ஜனநாயகம் மட்டுமே மக்களின் கோரிக்கையாக இருந்திருந்தால் அன்றே கூட்டம் கலைந்திருக்கும். மாறாக, மறுநாள் ஊரடங்கை மீறிச் சுற்றுவட்டச் சாலையைத் தாண்டி நகருக்குள் நுழைந்தது. 24ஆம் தேதி நள்ளிரவில் நாடாளுமன்றத்தை அவர் மீட்டுக் கொடுத்தார். 2008 தேர்தலில் முடியாட்சிக்காக வெளிப்படையாக வாக்குக் கேட்ட கட்சிக்கு 575 இடங்களில் 4 கிடைத்தன. மே 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் 560 பேர் குடியரசுக்கு ஆதரவாக நின்றபோது எதிர்த்து விழுந்தவையும் 4 வாக்குகளே.

குறிஞ்சிவாணன்:
அதே கட்சி 2013இல் 24 இடங்கள் பெற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூடு தணிந்த பிறகு ஒரு வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

தேன்மொழி:
2017இல் அந்த மரபில் வந்த கட்சிக்கு 1 இடம், 2022இல் 14. ஒவ்வொரு தேர்தலிலும் அரியணைக்காக வாக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதை யாரும் பறிக்கவில்லை. அந்த உரிமையை 1960க்குப் பின் முப்பது ஆண்டுகள் குடியரசுவாதிகளுக்கு அரண்மனை கொடுக்கவில்லை.