புடவைக்கடையில் கதிரை: முதலாளியின் உரிமையா, அரசின் வேலையா?

வெள்ளவத்தை வாசகி:
கொழும்பு காலி வீதிப் புடவைக்கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை கால் கடுக்க நிற்கிறார்கள். ஆள் வராத மத்தியான நேரத்தில்கூடப் பல கடைகளில் உட்கார விடுவதில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே இலங்கையிலும் அரசு இதில் கண்டிப்பாக நிற்க வேண்டும், தொழில் திணைக்களம் கடைகடையாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து என்ன?

காலி வீதிக் கடைக்காரன்:
நான் எதிர்க்கிறேன் அக்கா. என் கடையில் நாலு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஸ்டூல் போட்டிருக்கிறேன், ஆள் இல்லாதபோது உட்காருகிறார்கள். யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை. ஆனால் ஓர் அதிகாரி வந்து கதிரையை எண்ணித் தண்டம் எழுதுவதை ஏற்கமாட்டேன். வாடகை நான் கட்டுகிறேன், சரக்குக் கடன் என் பெயரில் இருக்கிறது, நட்டம் வந்தால் மனைவியின் நகைதான் அடைவுக்குப் போகும். அப்படியிருக்க கடைக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கக் கூடாதா?

செலவையும் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் 30,000. அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம் என் கையிலிருந்து போகிறது. இதையெல்லாம் கட்டாமல் கடை நடத்துகிறவன் என்னைவிட மலிவாக விற்கிறான். புதுச் சட்டம் வந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பதிவு வைத்திருக்கிற என்னிடம்தான் வருவார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அண்ணை சொல்வது சரி. 2021 மறந்துவிட்டதா? அரிசிக்கும் சீனிக்கும் உச்ச விலை போட்டார்கள். சாமான் கடையிலிருந்து மறைந்தது, சனம் வரிசையில் நின்றது. செப்டம்பர் கடைசியில் அரிசியின் உச்ச விலையை அவர்களே எடுத்துவிட்டார்கள். அதே வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், நவம்பரில் அதையும் நீக்கினார்கள். இரண்டுக்கும் நல்ல நோக்கம்தான் சொன்னார்கள். ஒரு வர்த்தமானியால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் நாட்டை அந்த நிலைக்குக் கொண்டு போனது. வேலை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். வளர்ந்த இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்ட விஷயத்தில் அரசுக்கு என்ன இடம்?

வெள்ளவத்தை வாசகி:
தம்பி, விலையையும் உடம்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சீனிக்கு விலை குறித்தால் சீனி மறையும், அது வியாபாரத்தின் இயல்பு. கதிரை போட்டால் எது மறையும்? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று அளவு வைத்தது. அதனால் கொழும்பில் வியாபாரம் நின்றுவிடவில்லை. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். 15 வயதுப் பிள்ளையின் தாய் தகப்பன் சம்மதித்தாலும் சட்டம் விடாது. அதையும் ‘பேசி ஒத்துக்கொண்டது’ என்று விடுவீர்களா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அது குழந்தைகள் விஷயம் அக்கா. நான் 20, 25 வயது ஆட்களைச் சொல்கிறேன்.

ஹட்டன் பிள்ளை:
அந்த 20 வயதில் நான் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றவள். கடைப் பெயர் வேண்டாம். தோட்டத்திலிருந்து வரும்போது முதலாளியே தங்க இடம் கொடுத்தார். மேல்மாடியில் ஓர் அறை, எட்டுப் பேர். சாப்பாடும் அங்கேதான். அம்மாவின் வைத்தியத்துக்கு முற்பணம் வாங்கியிருந்தேன். தம்பி, “வேறு கடைக்குப் போகலாம்” என்கிறீர்களே, வேலையை விட்டால் அன்றிரவு எங்கே படுப்பது? முற்பணத்தை எப்படிக் கழிப்பது? சுதந்திரமாகப் பேசி ஒத்துக்கொள்ள இரண்டு பக்கமும் எழுந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

தீபாவளி, நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ் சீசன் என்றால் இன்னும் மோசம். கால் வீங்கிச் செருப்பு ஏறாது. கூட நின்ற அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அடிக்கடி டொய்லட் போனால் ஏச்சு விழும் என்று தண்ணீர் குடிக்கமாட்டோம். கேரளத்தில் விஜி என்பவரும் பெண்கூட்டு என்ற அமைப்பும் கோழிக்கோட்டில் இதற்காகப் போராடிய செய்தியைப் பிறகு வாசித்தேன். அங்கேயும் இந்த இரண்டும்தான் பிரச்சினை: டொய்லட், உட்கார இடம்.

காலி வீதிக் கடைக்காரன்:
தங்கச்சி, உங்களை அப்படி வைத்திருந்தது பிழை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பெரிய பிரச்சினை தங்குமிடமும் முற்பணமும். அதைக் கதிரைச் சட்டம் தொடாதே. இன்னொன்று, முதலாளிமார் எல்லாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிள்ளை உட்கார்ந்திருந்தால் வாசலில் நின்று பார்க்கிற சனம் “இந்தக் கடையில் கவனிக்க ஆள் இல்லை” என்று அடுத்த கடைக்குப் போகிறது. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி:
அண்ணை, நீங்கள் சொன்ன அந்தக் காரணத்துக்காகவே சட்டம் வேண்டும் என்கிறேன். ஒரு கடை மட்டும் உட்கார விட்டால் அந்தக் கடைக்கு நட்டம். வீதி முழுக்க விட்டால் ஒருவருக்கும் நட்டம் இல்லை, சனமும் பழகிவிடும். இன்றைக்கு மனச்சாட்சிப்படி நடக்கிற நீங்கள் தனியாக அந்த நட்டத்தைச் சுமக்கிறீர்கள். சேமலாப நிதி கட்டாதவன் மலிவாக விற்கிறான் என்றீர்கள். அவனையும் கட்ட வைக்க வேண்டும் என்பதுதானே அதற்கு மருந்து? உங்கள் முறைப்பாடு சட்டத்தின் மேல் இல்லை, அதை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடாததன் மேல்.

ஆனால் தங்குமிடம் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அதுவும் சேர வேண்டும்.

காலி வீதிக் கடைக்காரன்:
‘எல்லாருக்கும் ஒரே மாதிரி’ என்பது நடந்தால் என் பாதி எதிர்ப்புப் போய்விடும். மிச்சப் பாதி இது: புறக்கோட்டையில் ஆறடி அகலக் கடைகள் இருக்கின்றன, இரண்டு பேர் ஒதுங்கித்தான் நடக்கலாம். அங்கே கதிரையை எங்கே போடுவது? ‘வேலை இல்லாத நேரம்’ எது என்று யார் சொல்வது? அதை எழுதாமல் விட்டால் அந்த இடைவெளியில்தான் கையூட்டு நுழையும்.

ஹட்டன் பிள்ளை:
ஆறடிக் கடையிலும் சுவரோடு மடக்குகிற பலகை ஒன்று பூட்டலாம் அண்ணா. யாராவது உள்ளே வந்தால் நாங்கள் எழும்புவோம், அதற்கு அதிகாரி தேவையில்லை. நாங்கள் உட்கார்ந்ததற்காக முதலாளி சம்பளத்தில் வெட்டக்கூடாது என்ற ஒன்றை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

காலி வீதிக் கடைக்காரன்:
அந்த ஒரு வரிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். கதிரை எண்ணிக்கைக்கும் தண்டத்துக்கும் இன்னும் இல்லை.