கத்திரி வெயில்ல பிள்ளைகளோட வெளிய போன கதை, உங்களுக்கும் இருக்கா?

கழனிவாசல் அம்மா

திருமயம் போனோம், ஊமையன் கோட்டைதான். மே மாசம், ஞாயித்துக்கிழமை. ‘விடியக்காலையிலேயே கிளம்பணும்’னு ராத்திரியே சொல்லி வச்சும், மாமியாருக்கு இட்லி வேகலை, வீட்டுக்காரர் டயருக்குக் காத்தடிக்கப் போனவர் வரலைன்னு இழுத்து, கோட்டை வாசல்ல இறங்கும்போது மணி பதினொன்னே கால். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

உச்சியில பீரங்கி இருக்குல்ல, அந்த மேடை. பையனுக்கு ஆறு வயசு. காரைக்குடி தாண்டுறதுக்குள்ளயே ‘பீரங்கி பீரங்கி’ன்னு ஒரே பாட்டு. 1687ல ராமநாதபுரம் ராஜா சேதுபதி கட்டின கோட்டைடான்னு நான் ஆரம்பிச்சேன், அவன் எங்க கேட்டான்! ஓடிப்போய் ரெண்டு உள்ளங்கையையும் அது மேல அப்பிட்டான். உடனே அழலை. அதுதான் இன்னும் என்னை என்னமோ பண்ணுது. கையை அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, “அம்மா, இதை இப்பத்தான் சுட்டாங்களா?”ன்னு கேட்டான். அப்புறம்தான் அழுகை.

எங்க பாட்டில் தண்ணியை ஊத்தினேன், அதுவே வெந்நீர். பக்கத்துல யாரோ ஒரு குடும்பம், பாட்டிலுக்கு ஈரத்துணி சுத்தி வச்சிருந்தாங்க. அந்தம்மா அந்தத் துணியையே உருவி அவன் கையில சுத்திவிட்டாங்க. கொப்புளம் வரலை, ரெண்டு நாள் சிவந்து கெடந்துச்சு. அவங்க பேரைக்கூட நான் கேக்கலை.

பழைய வாத்தியார்

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கத்திரியில் பதினொரு மணிக்கு மொட்டைப் பாறை மேல் பிள்ளையை ஏற்றியது உங்கள் தப்பு. பீரங்கியை நொந்து பயனில்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. பேத்தியோடு பிள்ளையார்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஆகிவிட்டது, நடை சாத்திவிட்டார்கள். நாலு மணி வரை காரிலேயே உட்கார்ந்திருப்போம் என்றேன். ஏசி ரிப்பேர். பத்து நிமிடத்தில் குழந்தை முகம் செம்பருத்தியாகி, பேச்சே நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். அவ்வளவுதான் என் கதை.

இனி கவனியுங்கள். குழந்தைகளுக்கு உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வேர்வை குறைவு. வெளிச்சூடு நம்மைவிடச் சீக்கிரம் உள்ளே ஏறும். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி கூடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தால் போதும் என்பார்கள், போதாது. ‘கடையில் ஒரு நிமிடம்’ என்று பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தாகம் என்று பிள்ளை சொல்லட்டும் எனக் காத்திருக்காதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் அது சொல்லாது. நீங்களாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி, கலந்து கொஞ்சம் கொஞ்சமாக. உப்பைக் கையில் அள்ளிப் போடாதீர்கள், கூடினால் ஆபத்து. வெயிலில் பிள்ளை உளறினாலோ துவண்டாலோ மோர் தேடி அலையாமல் நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அடியுங்கள். மயங்கிய பிள்ளை வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கோயில் பிரகாரத்தில் நார் விரிப்பு போட்டிருந்தால் அதைவிட்டு இறங்க விடாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகும் கருங்கல் வெகுநேரம் அனல் விடும்.

சிங்கப்பூர் ஆத்தா

ஜூன் லீவுக்கு வருஷா வருஷம் வருவோம். எங்க அப்பத்தா வீடு இருக்கிற ஊருல குடிதண்ணிக்குன்னே ஊருணிக் குளம் தனி. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. என் மகளுக்குத் தெரியாது, எட்டு வயசு. வெயில்ல நடந்து வந்தவ, படிக்கட்டும் பளிச்சுன்னு தண்ணியும் பாத்த உடனே செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு காலையும் உள்ள விட்டுட்டா.

“அடி ஆத்தா, காலை எடு! ஊரு குடிக்கிற தண்ணி!”

குடத்தோட வந்த ஒரு ஆச்சி. எம்பது வயசு இருக்கும், குரல் மட்டும் கெட்டி மேளம். பிள்ளை மிரண்டுபோச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. “சின்னப் புள்ளைதானே ஆச்சி, அதுக்கு என்ன தெரியும்”னேன். அவங்க என்னைத் திரும்பிப் பாத்து, “அதுக்குத் தெரியாதுத்தா. ஒனக்கு?”ன்னாங்க.

அப்புறம் அவங்களே மகளைப் படியில உக்கார வச்சு, துணியில வடிகட்டி, சொம்பால கையில ஊத்தினாங்க. மூணு சொம்பு குடிச்சா. மறுநாள் ஒரு ஆடு அந்தப் படியில இறங்குது, இவ இங்கேருந்து கத்துறா: “காலை எடு!”

நான் அந்த ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேக்கலை.

ரெட்டை வால் அப்பா

வாத்தியார் ஐயா சொன்னதைப் படிச்சா பிள்ளையை வாசப்படி தாண்டவே விடக்கூடாது போல. அப்படியா நாமெல்லாம் வளந்தோம்? நேரம் பாத்துப் போகணும், அதோட மாசமும் பாக்கணும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு மே மாசத்துல பறவை காட்டக் கூட்டிட்டுப் போன அறிவாளி நான். வாடகைக்கு பைனாகுலர் வேற. கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. சின்னவன் பைனாகுலரைத் திருப்பிப் பிடிச்சு என்னையே பாத்தான். ஆடு மேய்க்கிறவர் சிரிச்சுக்கிட்டே, “மழை முடிஞ்சு வாங்க சார்”னு சொல்லிட்டுப் போயிட்டார்.

தீபாவளி மறுநாள் திரும்பப் போனோம். சரணாலயத்தை ஒட்டின கொள்ளுகுடிப்பட்டியில பறவைகளுக்காகத் தலைமுறையா வெடி வெடிக்கிறதில்லை, அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கரை மேல நின்னா நத்தைகுத்தி நாரை ஒவ்வொன்னா மரத்துல வந்து இறங்குது, மரமே வெள்ளையா ஆடுது. பெரியவன் பேன்ட் பாக்கெட்ல கேப்புத் துப்பாக்கி இருந்தது எனக்குத் தெரியாது. என் கையில திணிச்சு, காதுக்குப் பக்கத்துல, “வண்டியில வச்சிருங்கப்பா, தெரியாம அமுங்கிடப் போகுது”ன்னான். வீட்டுல ஒரு நாள் அந்தக் குரல்ல பேசினது கிடையாது.

நுங்கு பிரியன்

கதை பெருசா இல்லை. திருப்பத்தூர் ரோட்டுல நுங்குக்காரர். பாப்பா கட்டை விரலை விட்டு நோண்டினா, தண்ணி பீச்சி நேரா அவ அப்பாவோட மூக்குக் கண்ணாடில. மனுஷன் கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. நுங்கு எடுத்த வெறும் கூந்தல் (ஓடு) ரெண்டை வாங்கி, கவைக்குச்சி செருகி வண்டி பண்ணிக் கொடுத்தார் நுங்குக்காரர். அது வீட்டுக்குள்ள ஓடி, தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லெல்லாம் கறை. மாமியார் ஒரு வாரமா பேசலை.

கழனிவாசல் அம்மா

வாத்தியார் ஐயா, ஏசி ரிப்பேர்னு தெரிஞ்சும் பேத்தியைக் காருக்குள்ள உக்கார வச்சது யாரு தப்புங்க? சும்மா கேட்டேன். உப்பு, சர்க்கரை அளவை எழுதி அடுப்படியில ஒட்டிட்டேன்.

பாட்டிலுக்கு ஈரத்துணி சுத்தினா தண்ணி சூடாகாம இருக்கிற விஷயம் நிஜமாவே வேலை செய்யுது. நேத்து மொட்டை மாடியில வச்சுப் பாத்தேன். காத்து இருக்கணும், துணி காயக் காய நனைக்கணும்.

பையன் மறுபடி திருமயம் போகணும்கிறான். “சாயங்காலமாப் போனா பீரங்கி ஆறியிருக்குமா?”ன்னு கேக்குறான்.