கடன் வாங்கி பி.காம் படிக்கவைப்பதா, எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்கு அனுப்புவதா?

சாட்ஸ்வொர்த் அத்தை:
அண்ணன் மகனுக்கு இந்த வருஷம் மெட்ரிக், அதாவது தென்னாப்பிரிக்கப் பள்ளியின் கடைசி வருஷப் பரீட்சை. கணக்கில் 62 வரும்போல இருக்கிறது. அண்ணன், அண்ணி சம்பளம் இரண்டும் சேர்த்து வருஷத்துக்கு 4,20,000 ரேண்ட். என்எஸ்ஃபாஸ் என்ற அரசுப் படிப்பு உதவிக்கு வருமான வரம்பு 3,50,000தான், அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது. வங்கிக் கடனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.காம் சேர்க்கலாம் என்கிறார் அண்ணன். பையனுக்கோ வயரிங் வேலையில்தான் கண். பட்டம் போட்ட காசுக்குத் தேறுமா?

கணக்குப்பிள்ளை:
அக்கா, ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கட்டணம், புத்தகம், பஸ் செலவு சேர்த்து வருஷத்துக்கு 80,000 என்று வைத்துக்கொள்வோம், வட்டி 11 சதவீதம். படிக்கும் காலத்தில் அசலைக் கேட்கமாட்டார்கள், ஆனால் வட்டியை ஜாமீன் போட்டவர் மாதாமாதம் கட்டவேண்டும். முதல் வருஷம் மாதம் 733, மூன்றாம் வருஷம் 2,200. மூன்று வருஷத்தில் வட்டியே 52,800. படிப்பு முடிந்தபின் 2,40,000 அசலை ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 5,220. ஆகமொத்தம் 3,66,000க்குக் கிட்டே வரும்.

இது மூன்றே வருஷத்தில் முடித்தால். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வருஷக் கணக்கியலோ கணிதமோ போய்விட்டால், அதை நம்பி நிற்கும் இரண்டாம் வருஷப் பாடத்தில் உட்கார முடியாது. அந்தப் பாடம் வருஷத்துக்கு ஒரே செமஸ்டரில்தான் நடக்கிறதென்றால் ஒரு முழு வருஷம் நீளும். கட்டணப் பாக்கி நின்றால் பல பல்கலைக்கழகங்கள் சான்றிதழைக் கையில் தராது. பாஸ் செய்தும் வேலைக்கு விண்ணப்பிக்கத் தாள் இல்லாத நிலை அது.

இன்னொன்று, "பி.காம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பட்டயக் கணக்காளர் ஆகவேண்டுமென்றால் கணக்கியல் பி.காம், அதன்மேல் ஒரு வருஷ முதுநிலை டிப்ளமா, பிறகு மூன்று வருஷப் பயிற்சி ஒப்பந்தம், இடையில் இரண்டு தொழில்முறைத் தேர்வு. பொது பி.காமில் சேர்ந்துவிட்டு நடுவில் அந்தப் பாதைக்குத் தாவுவது லேசல்ல. என்னைக் கேட்டால், பொது பி.காமுக்காக இவ்வளவு கடன் வேண்டாம்.

டொங்காட் வயர்மேன்:
பயிற்சிப் பக்கமும் பூப்பாதை இல்லை, தங்கச்சி. டிவெட் என்னும் தொழிற்கல்லூரியில் வகுப்பு மட்டும் முடித்துவிட்டு நின்றால் அது பாதிக் கிணறு. முதலாளியோடு பயிற்சி ஒப்பந்தம் வேண்டும், அது செட்டா என்ற துறைவாரிப் பயிற்சி அமைப்பில் பதிவாகியிருக்கவேண்டும். "பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்வார்த்தையில் வேலைக்கு எடுப்பவரிடம் விடாதீர்கள். பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். பதிவில்லாமல் கழித்த மாதங்களைப் பிற்பாடு கணக்கில் காட்டப் படாதபாடு படவேண்டும்.

மூன்று நான்கு வருஷம் கழித்து டிரேட் டெஸ்ட், அதாவது தொழில் தகுதித் தேர்வு. மோட்டாரை ஓடவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங்கை எல்லாரும் மனப்பாடமாகச் செய்கிறார்கள். விழுவது பழுது கண்டுபிடிப்பதில்தான். மின்சாரம் துண்டித்தாகிவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் கைவைப்பது பெரிய தப்பு. அதற்கு முன்னால் மீட்டரையே ஓடுகிற சர்க்யூட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும், மீட்டர் செத்திருந்தால் எல்லாமே செத்ததாகத்தான் காட்டும்.

டெஸ்ட் பாஸானாலும் வீட்டு வயரிங்குக்குச் சான்று எழுதும் கையெழுத்து உடனே வராது. தொழிலாளர் துறையில் பதிவு செய்த பிறகுதான் அது. வீடு கைமாறும்போது இரண்டு வருஷத்துக்கு உட்பட்ட சான்று கேட்பார்கள், ஆகவே அந்தக் கையெழுத்துக்குக் கிராக்கி உண்டு. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியருக்குள் விழுகிறதா, இன்சுலேஷன் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே போகவில்லையா என்று அளந்து பார்த்துத்தான் அதை எழுதவேண்டும்.

சாட்ஸ்வொர்த் அத்தை:
நன்றி. ஆனால் பட்டம் இல்லையென்றால் வேலை கிடைக்காது என்று அண்ணன் பிடிவாதம்.

கணக்குப்பிள்ளை:
அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாட்டில் வேலையின்மை நூற்றுக்கு முப்பதைத் தாண்டி நிற்கும்போது பட்டதாரிகளிடம் அது பாதியைவிடக் குறைவு. ஆனால் அந்தக் கணக்கில் டாக்டரும் எஞ்சினியரும் பொது பி.காம்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வருமானம் 3,50,000க்கும் 6,00,000க்கும் இடைப்பட்ட குடும்பங்களுக்கென்று 2024இல் அறிவித்த அரசுக் கடனில்கூட நூற்றுக்கு 70 அறிவியல், பொறியியல் பக்கம் போகவேண்டும் என்றுதான் வைத்தார்கள். ஆசிரியர் வேலை பிடிக்குமென்றால் ஃபுன்ஸா லுஷாக்கா உதவித்தொகை இருக்கிறது. எத்தனை வருஷம் வாங்கினானோ அத்தனை வருஷம் அரசுப் பள்ளியில் வேலை செய்யவேண்டும், கடன் மிஞ்சாது.

தனியார் கல்லூரி விளம்பரத்தைக் காட்டி யாராவது இழுத்தால் படிப்புத் தகுதிகளைப் பதிவு செய்யும் சாக்வா அமைப்பின் எண்ணைக் கேளுங்கள், உயர்கல்வித் துறைப் பதிவையும் பாருங்கள். என்எஸ்ஃபாஸ் அங்கே எப்படியும் கிடையாது.

டொங்காட் வயர்மேன்:
ஒன்று செய்யுங்கள். பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் சிஏஓவுக்கு விண்ணப்பம் செப்டம்பர் 30க்குள் போகட்டும், அதில் டியூடி என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின் பொறியியல் டிப்ளமாவையும் ஒரு வரிசையில் போடுங்கள். பதில் வருவதற்குள் பயிற்சி ஒப்பந்தத்துக்கு நாலைந்து கம்பெனிகளுக்கு எழுதலாம். பையனுக்கு அறிவியல் பாடத்தில் எவ்வளவு வருகிறது? அதைச் சொல்லவே இல்லையே.