அமெரிக்கன் ஃபுட்பால்: ரன் ப்ளேயை எப்படிப் பார்ப்பது?

புதுரசிகன்:
வணக்கம். என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஆட்டங்கள்) இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பாஸ் போடுவது கண்ணுக்குத் தெரிகிறது, புரிகிறது. ரன், அதாவது பந்தோடு ஓடுவது மட்டும் பிடிபடவில்லை. பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய் முட்டி விழுகிறார்கள், இரண்டு யார்டு. அதே ஆள் அடுத்த முறை அதே இடத்தில் ஓடுவது போலத்தான் எனக்குத் தெரிகிறது, ஆனால் அறுபது யார்டு போய்விடுகிறார். ஈகிள்ஸ் அணியின் சாக்வான் பார்க்லி 2024 சீசனில் 2,005 யார்டு ஓடியவர், இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 25 முறை ஓடி 57 யார்டுதான் எடுத்தார். ஆனாலும் எதிரணி சீஃப்ஸை 40-22 என்று அடித்துவிட்டார்கள். ஓடாமல் எறிந்துகொண்டே இருந்தால் என்ன? ரன்னில் எதைப் பார்க்க வேண்டும்?

மூணாவது டவுன்:
முதலில் தலையை எண்ணிப் பழகுங்கள். பந்து கிளம்புவதற்கு முன்னால், அஃபென்சிவ் லைனுக்கு (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்கள்) எதிரே நெருக்கமாக எத்தனை டிஃபெண்டர்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இடத்தைத்தான் பாக்ஸ் என்கிறார்கள். லைனில் ஐந்து பேர், ஒரு டைட் எண்டு (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) சேர்ந்தால் ஆறு பேர். எதிரே ஆறு பேர்தான் என்றால் ஆளுக்கு ஒருவரைத் தடுத்துவிடலாம், ஓடுவது லாபம். ஏழு, எட்டு என்று ஏறினால் யாராவது ஒருவர் தடுப்பில்லாமல் வருவார், அவரை ரன்னிங் பேக்தான் (பந்தை வாங்கி ஓடுபவர்) சமாளிக்க வேண்டும். இப்போது பல அணிகள் நீண்ட பாஸுக்குப் பயந்து இரண்டு சேஃப்டிகளை (கடைசி வரிசை டிஃபெண்டர்கள்) பின்னால் நிறுத்துகின்றன, அதனால் பாக்ஸ் காலியாகிறது. அந்தப் பயத்துக்கான விலையைத்தான் பார்க்லியும் ரேவன்ஸின் டெரிக் ஹென்றியும் (அவர் அதே சீசனில் 1,921 யார்டு) வசூலித்தார்கள்.

கார்டைப் பார்:
மேலே சொன்னது சரி, ஆனால் எண்ணிக்கை பாதிக் கதைதான். தயவுசெய்து பந்தைப் பார்க்காதீர்கள், கார்டுகளைப் பாருங்கள். லைனின் நடுவில் நிற்கும் செண்டருக்கு இரு பக்கமும் நிற்கும் அந்த இரண்டு பேர் என்ன ப்ளே என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

லைன் முழுக்க ஒரே பக்கம் அடியெடுத்து வைத்தால் அது ஜோன். ஒவ்வொருவரும் இன்ன ஆளை என்று இல்லாமல் தன் பக்கம் வருகிறவரைத் தள்ளுகிறார்கள், பல இடங்களில் இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளிவிட்டு, அதில் ஒருவர் கழன்று லைன்பேக்கர் (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) மேல் ஏறுவார். இடைவெளி எங்கே திறக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ரன்னிங் பேக் பொறுமையாக வந்து, வெளியே போவதா, நேரே நுழைவதா, எதிர்ப்பக்கம் வெட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வெட்டு, அதற்கப்புறம் திரும்பிப் பார்க்காமல் முன்னே. தொண்ணூறுகளில் டென்வர் அணியில் தலைமைக் கோச் மைக் ஷனஹானும் லைன் கோச் அலெக்ஸ் கிப்ஸும் இதைத்தான் வைத்துக்கொண்டு எல்லோரையும் திணறடித்தார்கள். டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது சுற்றில் எடுத்த அவர்களுடைய ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 யார்டு ஓடினார்.

ஒரு கார்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பி லைனுக்குப் பின்னாலேயே எதிர்ப்பக்கம் ஓடினால் அது பவர். கார்டோடு டேக்கிளும் (கார்டுக்கு வெளிப்பக்கம் நிற்பவர்) சேர்ந்து ஓடினால் அநேகமாக கவுன்ட்டர். இதில் எந்த இடைவெளி என்பது முதலிலேயே முடிவானது, அந்த இடத்துக்குக் கூடுதலாக ஒரு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விஷயம். கவுன்ட்டரில் ரன்னிங் பேக் முதல் அடியை வேறு பக்கம் வைப்பார். லைன்பேக்கர் அதை நம்பி ஒரு எட்டு நகர்ந்தாலே போதும், அவர் தொலைந்தார். எண்பதுகளில் கோச் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி இதில் கில்லாடி. எனக்கு இந்த விளையாட்டிலேயே அழகான காட்சி, முந்நூறு பவுண்டு ஆள் ஒருவர் வளைந்து ஓடிவந்து வழி திறப்பதுதான்.

புதுரசிகன்:
ரொம்ப நன்றி, இன்றைக்கே பழைய ஆட்டத்தைப் போட்டுக் கார்டை மட்டும் பார்க்கப்போகிறேன். ஆனால் சூப்பர் பௌல் கேள்வி அப்படியே நிற்கிறது. 57 யார்டு தோல்விதானே?

ராவன் ரசிகை:
பார்க்லியின் கணக்கில் அது சுமாரான நாள்தான், அதில் சந்தேகமில்லை. சீஃப்ஸ் அவரை நிறுத்துவது என்று முடிவு செய்து இறங்கினார்கள், நிறுத்தியும் விட்டார்கள். ஆனால் அன்றைக்கு ரன் தோற்கவில்லை, ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர், கொடுப்பவர்) ஜேலன் ஹர்ட்ஸ் 72 யார்டு ஓடினார். காரணம் எளிது. சாதாரண ரன்னில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறார், அதனால் பதினொரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர். ரீட் ஆப்ஷனில் ஓரத்தில் இருக்கும் ஒரு டிஃபெண்டரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுகிறார்கள். அவர் ரன்னிங் பேக் மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு அவர் விட்ட இடத்தில் ஓடுவார், அவர் நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்கு. யாரும் தொடாமலேயே ஒரு ஆள் கழிந்துவிடுகிறார். குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை வைத்து ரேவன்ஸ் 2019-ல் அணியாக 3,296 யார்டு ஓடியது இந்தக் கணக்கில்தான், லீக் சாதனை அது.

மூணாவது டவுன்:
ஹர்ட்ஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்லியைப் பார்த்துப் பார்த்தே சீஃப்ஸின் லைன்பேக்கர்கள் முன்னால் வந்தார்கள், அதனால்தான் பாஸுக்கு இடம் கிடைத்தது.

கார்டைப் பார்:
இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ப்ளே ஆக்ஷன் (ரன் போலக் காட்டிவிட்டு பாஸ் எறிவது) வேலை செய்ய முதலில் ரன் ஜெயித்திருக்க வேண்டும் என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் பல ஆண்டுகளாக மறுக்கிறார்கள். ரன் மோசமான நாளிலும் லைன்பேக்கர் ஏமாறத்தான் செய்கிறார், ஏனென்றால் கார்டு அசைவதைப் பார்த்து நகரும்படி அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அன்றைய 40 புள்ளியில் பெரிய பங்கு ஈகிள்ஸ் டிஃபென்ஸுக்கு, அதை ரன் கணக்கில் எழுத வேண்டாம்.

@புதுரசிகன், பழைய ஆட்டம் போடுவதாக இருந்தால் அதே பிளேஆஃப்பில் ராம்ஸுக்கு எதிராகப் பனியில் நடந்ததைப் போடுங்கள். பார்க்லி 205 யார்டு, அதில் 62-ம் 78-ம் இரண்டே ஓட்டங்கள். மீதி எல்லாம் நீங்கள் சொன்ன இரண்டு யார்டு, மூன்று யார்டு வகைதான். அந்த இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், லைன்பேக்கர் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.