தாய்லாந்துக் குழந்தைகளின் மூக்கொலியை அளக்க ஆங்கில வாசகத்தை மொழிபெயர்த்தால் போதாதா?

கேள்வி:
பேச்சுப் பயிற்சி சிகிச்சை படித்து வருகிறேன். ஆங்கிலம் பேசும் குழந்தைகளை நாசோமீட்டரில் (பேச்சில் மூக்கொலியின் அளவைக் காட்டும் கருவி) சோதிக்கும்போது, மெல்லின ஒலியே வராத, விலங்குக்காட்சிச் சாலையைப் பற்றிய வாசகம் ஒன்றைப் படிக்கச் சொல்கிறார்கள். பிளவு அண்ணம் (பிறவியிலேயே வாயின் மேற்கூரை பிளந்திருக்கும் குறை) இல்லாத தாய்லாந்துக் குழந்தைகளின் இயல்பு அளவை அறிய, அதையே அவர்கள் மொழியில் பெயர்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில் 1:
கூடாது. அம்மொழியில் யானை ‘சாங்’, குரங்கு ‘லிங்’, பாம்பு ‘ஙூ’, கரடி ‘மீ’, பறவை ‘நோக்’. மெல்லினத்தைத் தவிர்ப்பதற்காக எழுதிய வாசகம், பெயர்த்த மாத்திரத்தில் மெல்லினத்தால் நிறைந்துவிடும். வாத்து (பெட்), கோழி (காய்), மீன் (ப்லா) ஆகியவற்றை வைத்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும். சொல்லப்போனால், நான்கிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னாலே மெல்லினம் இல்லாத சொல்வரிசை கிடைத்துவிடும்.

பதில் 2:
எண்களில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து ‘ஹா’, ஆறு ‘ஹோக்’. மெல்லின எழுத்து அருகில் இல்லாதபோதும், ஹகரத்தை அடுத்து வரும் உயிரொலி தாய்லாந்து மொழியில் மூக்கொலியாகக் கேட்பதுண்டு என்பதை மொழியியலாளர் ஜேம்ஸ் மாட்டிசாஃப் 1975இல் எடுத்துக்காட்டினார். நாசோமீட்டரில், மேலுதட்டின் மேல் பொருத்தும் தடுப்புத் தகட்டின் மேலும் கீழும் உள்ள ஒலிவாங்கிகள், மூக்கின் வழியும் வாயின் வழியும் வரும் ஒலியாற்றலைத் தனித்தனியே பதிகின்றன. இரண்டின் கூட்டுத்தொகையில் மூக்கின் பங்கு எத்தனை சதவீதம் என்பதே கருவி காட்டும் எண். மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) மூக்குவழியைச் சரியாக மூடவில்லையா, ஹகரத்தின் இயல்பா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. ‘ஆ’வைவிட ‘ஈ’க்குப் பொதுவாக அளவு கூடுதலாக வருவதால், உயிரொலிகளின் கலவையையும் கவனித்தே வாக்கியம் அமைக்க வேண்டும்.

பதில் 3:
வாசகத்தைப் பற்றியே பேசுகிறோம். குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதும் அதே அளவு கடினம். சளி பிடித்திருக்கும் குழந்தையும், அடினாய்டு (மூக்கின் பின்புறமுள்ள சதை) வீங்கிய குழந்தையும் மெல்லின வாக்கியங்களில் குறைந்த அளவையே காட்டுவார்கள் என்பதால், ‘ஆரோக்கியமானவர்’ என்று பெற்றோர் சொல்வதை மட்டும் நம்பாமல், மூக்கையும் அண்ணத்தையும் காதுகேட்கும் திறனையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர்களிடம் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்துத் திருப்பிச் சொல்ல வைப்பது மேல். தாய்லாந்தின் வடகிழக்கு மாகாணங்களில் பல வீடுகளில் பேசுவது லாவோ மொழியை ஒட்டிய ஈசான் மொழி என்பதால், பாங்காக்கில் வகுத்த அளவை அங்குள்ள குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துவதற்கு முன் இரு வட்டாரங்களிலும் அளந்து ஒப்பிடுவது நல்லது.